ஏ4 தாளில் தைத்த குட்டி நோட்டு ஏன் மூடாமல் வாய் பிளந்து நிற்கிறது?

வெள்ளைத்தாள்

அனைவருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக வீட்டிலேயே சின்னச் சின்ன நோட்டுகள் தைத்து வருகிறேன். பால் கணக்குக்கு ஒன்று, மளிகைப் பட்டியலுக்கு ஒன்று, மகள் படம் வரைய ஒன்று என்று வீட்டில் எப்போதும் தேவை இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாளை நடுவில் மடித்து, எட்டுத் தாள் சேர்த்து, நடு மடிப்பில் ஊசி நூலால் தைக்கிறேன். ஏ5 அளவில் நோட்டு வருகிறது.

பிரச்சினை என்னவென்றால், மூடி வைத்தால் மூடியே இருப்பதில்லை. அட்டை மேலே எழும்பி நிற்கிறது. ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தித் தேய்த்தும் மடிப்பு கூர்மையாக விழவில்லை, உற்றுப் பார்த்தால் மடிப்பில் தாள் பொரிந்தது போலத் தெரிகிறது. கடை நோட்டு இப்படி நிற்பதில்லையே? தாள் சரியில்லையா, தையல் சரியில்லையா? அப்புறம், முதுகில் ஃபெவிகால் தடவினால் சரியாகுமா?

நூல்கண்டு

வாங்க சகோதரி. தாளிலும் குறையில்லை, தையலிலும் குறையில்லை. தாளின் நார் ஓட்டம் உங்கள் மடிப்புக்குக் குறுக்கே போகிறது.

ஆலையில் செய்த தாள் எல்லாவற்றிலும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் படுத்திருக்கும். அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும். குறுக்கே மடித்தால் ஒவ்வொரு நாரையும் முறிக்க வேண்டியிருக்கிறது. முறியாமல் மிஞ்சியவை திரும்ப நிமிரப் பார்க்கும். கோரைப்பாயைச் சுருட்டிப் பாருங்கள், கோரைக்கு இணையாக அழகாகச் சுருளும், மறுபக்கம் சுருட்டினால் கோரை ஒடியும். தாளிலும் இதே கதைதான்.

ஏ4 நகல் தாளில் நார் பெரும்பாலும் 297 மில்லிமீட்டர் உள்ள நீளப் பக்கத்துக்கு இணையாக ஓடும். நீங்கள் மடிக்கும் கோடோ 210 பக்கத்துக்கு இணையாக விழுகிறது. அதாவது நேர்க் குறுக்கு. எட்டுத் தாளும் சேர்ந்து திமிறும்போது நோட்டு வாய் பிளக்கத்தான் செய்யும்.

உங்கள் தாளைச் சோதித்துவிடுங்கள். மடிக்காமல் இரண்டு ஓரத்தையும் லேசாக வளைத்துக் கையால் அமுக்கிப் பாருங்கள், பிறகு தாளைத் திருப்பி அதே போல. எந்தப் பக்கம் குறைவாக எதிர்க்கிறதோ அந்த வளைவின் அச்சுதான் நார் ஓட்டம். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சதுரத் துண்டை வெட்டி, எந்தப் பக்கம் ஏ4இன் நீளப் பக்கம் என்று பென்சிலால் குறித்துவிட்டு, ஒரு முகத்தை மட்டும் ஈரமாக்குங்கள். உடனே குழாயாகச் சுருளும். குழாய் எந்தத் திசையில் நீள்கிறதோ நாரும் அந்தத் திசை. கிழித்தும் பார்க்கலாம். நார்ப்போக்கில் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணல் மாணலாகப் போகும்.

கரூர்க்காரர்

நூல்கண்டு சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தாள் செய்யும் டிஎன்பிஎல் ஆலை இருக்கிறது, 1979இல் தமிழக அரசு தொடங்கியது. எந்த ஆலையானாலும் நீரில் கரைத்த கூழ் வேகமாக ஓடும் வலைமேல் பாய்கிறது. தண்ணீர் வடிய வடிய நார்கள் வலை ஓடும் திசையிலேயே அதிகமாகப் படிந்துவிடுகின்றன. அங்கே விழுந்த திசைதான் கடைசிவரை. பெரிய உருளையிலிருந்து தாளை எப்படி வெட்டுகிறார்களோ அதைப் பொறுத்து அது நீளவாக்கிலோ அகலவாக்கிலோ வரும்.

இன்னொன்று. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, பக்கவாட்டில்தான் பருக்கும். அதனால் ஃபெவிகாலோ பசையோ தடவும் இடத்தில் நார் முதுகுக்குக் குறுக்கே இருந்தால் முதுகு நெடுக அலை அலையாகச் சுருங்கி நிற்கும். பசை போட்டுச் சரிசெய்யலாம் என்று நினைத்தால் கூடுதலாகக் கெடும்.

வெள்ளைத்தாள்

ஈரச் சோதனை செய்தேன். நீங்கள் சொன்னது போலவே நீளவாக்கில்தான் நார். அப்படியென்றால் ஏ4 தாளில் நோட்டே தைக்க முடியாதா?

நூல்கண்டு

தைக்கலாம், ஒரு படி சின்னதாக. ஏ4ஐ முதலில் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள், மடிக்க வேண்டாம். இரண்டு ஏ5 துண்டு வரும். இப்போது ஒவ்வொரு துண்டிலும் நார் 148 மில்லிமீட்டர் உள்ள குட்டைப் பக்கத்துக்கு இணையாக இருக்கும். அதை நடுவில் மடித்தால் மடிப்புக் கோடும் அதே திசையில் விழும். ஏ6 நோட்டு, 105க்கு 148. சட்டைப் பைக்கு ஏற்ற அளவு. நான்கு ஏ4 எடுத்தால் எட்டு ஏ5, மடித்தால் 16 இலை, 32 பக்கம். ஒரே கட்டாகத் தைக்க எட்டு முதல் பத்துத் துண்டு வரை வசதி. அதற்கு மேல் போனால் இரண்டு கட்டாகப் பிரித்துவிடுவது நல்லது.

நான் வீட்டு நோட்டுக்கு எப்போதும் ஏ6தான் சொல்வேன். கிடைப்பதிலேயே மலிவான தாளில், இருக்கிற கத்தரியோடு, பசையே இல்லாமல், முழுமையான ஒரு நோட்டு வந்துவிடுகிறது.

கணக்கு டீச்சர்

இந்த வெட்டும் மடிப்பும் எங்கள் வகுப்புக்கே உரிய விஷயம், அதனால் நுழைகிறேன். ஏ வரிசைத் தாளில் நீளத்தை அகலத்தால் வகுத்தால் இரண்டின் வர்க்கமூலம் வரும், ஏறத்தாழ 1.414. இந்த ஒரு விகிதத்தில்தான் பாதியாக வெட்டினாலும் உருவம் மாறாது. ஜெர்மனியின் லிச்டென்பெர்க் 1786லேயே ஒரு கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார், 1922இல் அந்நாட்டில் தர அளவாக ஆனது. ஏ0 ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு, ஆகவே 80 ஜிஎஸ்எம் ஏ4 ஒன்று சரியாக 5 கிராம் இருக்கும். நூல்கண்டு சொன்ன நோட்டில் உள்தாள் எடை மொத்தம் 20 கிராம்தான்! பிள்ளைகளைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொல்வேன், கணக்கு சரியாக வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்றால் ஒரே ஏ4இல் எட்டுப் பக்கப் புத்தகம் செய்யலாம். தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். குறுக்கே ஒருமுறை மடித்து, மடிப்புப் பக்கமிருந்து நடுக்கோடு வழியே பாதி தூரம் மட்டும் வெட்டுங்கள். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் நடுவில் வாய் திறந்து சிலுவை போல நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம். நூலும் இல்லை பசையும் இல்லை. வாய்ப்பாடு எழுத எங்கள் பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள்.

மைப்பேனா

ஏ6 எனக்குப் போதாது, கை மடங்கி எழுத வேண்டியிருக்கிறது. ஏ5 வேண்டுபவர்களுக்கு ஒரு வழி: ஏ3 தாளை வாங்கி ஈரச் சோதனை செய்யுங்கள். நார் 420 பக்கத்துக்கு இணையாக இருந்தால், குறுக்கே வெட்டிய இரண்டு ஏ4லும் அது குட்டைப் பக்கத்துக்குத் திரும்பிவிடும். மடித்தால் சரியான ஏ5. அல்லது அச்சகங்களுக்குத் தாள் விற்கும் கடைக்குப் போய் மேப்லித்தோ என்ற அச்சுத்தாளில் பெரிய ஷீட் வாங்கி, வேண்டிய திசையில் வெட்டித் தரச் சொல்லலாம். கட்டிங் மெஷின் இருக்கும் இடத்தில் சில நிமிட வேலை.

பழைய பைண்டர்

தம்பி தங்கைகள் எல்லாம் இவ்வளவு அக்கறையாகப் பேசுவதைப் படிக்க மகிழ்ச்சி. மதுரையில் பைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். தையலைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்று துளை போதும். 148 முதுகில் நடுவில் 74இல் ஒன்று, மேலிருந்தும் கீழிருந்தும் 25 மில்லிமீட்டர் விட்டு ஒவ்வொன்று. துளையைக் குத்தூசியால் முதலில் போட்டுவிட வேண்டும், தைக்கும் ஊசியாலேயே குத்திக்கொண்டு போனால் வெளியே கோடு கோணலாக வரும். தடித்த பழைய புத்தகம் ஒன்றை நடுவில் விரித்து, அந்தப் பள்ளத்தில் கட்டை வைத்து உள்ளிருந்து குத்தினால் ஊசி மடிப்பிலேயே இறங்கும்.

நூல் முதுகைப் போல மூன்று பங்கு, ஏ6க்கு 45 சென்டிமீட்டர். உள்ளேயிருந்து தொடங்கு. நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளை வழியாக உள்ளே போ. உள்ளே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளைக்கு ஒரே ஓட்டமாகப் போய் வெளியே வா. கடைசியாக நடுத்துளை வழியாகத் திரும்ப உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனையும் அந்த நீள ஓட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக நிற்க வேண்டும். அதை நடுவில் அணைத்து இரட்டை முடிச்சு. இரண்டு முனையும் ஒரே பக்கம் வந்துவிட்டால் முடிச்சு துளைக்குள் நழுவித் தையல் தளர்ந்துவிடும்.

நூலை இறுக்கும்போது முதுகின் நீளத்துக்கு இழு. தாளுக்கு நேர் எதிராக உன்னை நோக்கி இழுத்தால் துளை கிழியும். பட்டறைக்கு வந்த புதுப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதுதான்.

எந்த நூல் என்று யாராவது கேட்பீர்கள். பூ கட்டும் நூல் அறுந்துவிடும். நைலான் நரம்பு அறாது, ஆனால் தாளை அறுத்துவிடும். செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் மெழுகு நூலில் மெலிதானது நல்லது. இல்லையென்றால் தையல் நூலை இரண்டாகவோ நான்காகவோ சேர்த்து மெழுகுவர்த்தியில் இழுத்துக்கொள்ளலாம்.

தேனிக்காரன்

ஐயா, இவ்வளவு எதற்கு? நான் ஸ்டேப்ளர் அடிக்கிறேன். சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்புவரை எட்டாதுதான். அதன் வாயை முழுதாகத் திறந்து, அடியில் தெர்மகோல் வைத்து அடித்து, பின்னின் கால்களை ஸ்பூனால் உள்ளே மடக்கிவிட்டால் முடிந்தது. கடை நோட்டுகளில் பாதி பின் அடித்ததுதானே?

பழைய பைண்டர்

வேலை நடக்கும், மறுக்கவில்லை தம்பி. பள்ளி நோட்டு ஒரு வருடம் உழைத்தால் போதும், அதற்கு ஸ்டேப்ளர் பின் சரி. ஆனால் வீட்டில் கையால் செய்யும் நோட்டில் நாம் எழுதுவது வேறு மாதிரி. பிள்ளை பிறந்த தேதி, மருந்து விவரம், அம்மா சொன்ன ஊறுகாய்ப் பக்குவம். அதை இருபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்ப்பார்கள். கம்பி துருப்பிடிக்கும், கடலோர ஊராக இருந்தால் சீக்கிரமே. துரு மடிப்பில் பழுப்பாக இறங்கித் தாளைத் தின்றுவிடும், நடுத்தாள்தான் முதலில் கழன்று வரும். அப்படி எத்தனையோ நோட்டுகளைப் பின்னைப் பிடுங்கிவிட்டுத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். நூல் தாளோடு சேர்ந்து வயதாகும்.

தேனிக்காரன்

ஊறுகாய்ப் பக்குவம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. கடைக் கணக்குக்கு ஸ்டேப்ளர் பின்னே இருக்கட்டும், வீட்டு நோட்டுக்கு ஊசி எடுக்கிறேன்.

வடமராட்சி

எங்களிடம் கொப்பி கட்டுவது பொழுதுபோக்காக வந்ததில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் தாளுக்குப் பெரிய தட்டுப்பாடு. தவணை முடிந்ததும் அம்மா எங்கள் எல்லாருடைய பழைய கொப்பிகளையும் பிரித்து, எழுதாத ஒற்றைகளைச் சேர்த்து, சேலை தைக்கிற நூலால் புதுக் கொப்பி கட்டித் தருவார். மட்டைக்குச் சவர்க்காரப் பெட்டி. ஒவ்வொரு ஒற்றையிலும் கோட்டின் நிறம் வேறு வேறாக இருக்கும்.

2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அப்போது கொழும்பில் இருக்கிற என் மருமகளுக்கு இந்தக் கொப்பி கட்டுகிற முறையைத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தேன். எழுதாத ஒற்றை ஒன்றைக் கழிவில் போடுகிறவரைக் கண்டால் இப்போதும் எனக்கு மனம் பொறுக்காது.

வெள்ளைத்தாள்

அண்ணா, படித்துவிட்டுப் பிள்ளைகளின் போன வருட நோட்டுகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். பின்னால் நிறைய வெற்றுப் பக்கம் இருக்கிறது. ஆனால் தையலைப் பிரித்தால் அவை ஒற்றை ஒற்றை இலையாகத்தான் வரும் போலிருக்கிறது. மடிப்பு இல்லாமல் எப்படித் தைப்பது?

பழைய பைண்டர்

சரியாகக் கவனித்தாய் அம்மா. நடுவில் தைத்த நோட்டில் கடைசி இலையும் முதல் இலையும் ஒரே தாள். இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் ஒரே தாள். ஆக முதல் பாதியில் எழுதியாகிவிட்டால் பின்பாதி இலைக்கெல்லாம் ஜோடி எழுதிய பக்கமாகிவிடும். பாதிக்கும் குறைவாக எழுதிய நோட்டில்தான் நடுவிலிருந்து முழுத்தாள் உருவ முடியும்.

கடையில் 96 பக்கம், 192 பக்கம் என்று விற்கிறார்களே, அதற்கும் இந்த மடிப்புதான் காரணம். ஒரு குயர் என்றால் 24 தாள். மடித்தால் 48 இலை, 96 பக்கம். இரண்டு குயர் 192.

நூல்கண்டு

ஒற்றை இலைகளுக்கு இரண்டு வழி உண்டு. அப்படியே அடுக்கி, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் துளையிட்டு மேலிருந்து கீழாகத் தைக்கலாம். உறுதியாக இருக்கும், ஆனால் முழுதாக விரியாது, உள் ஓரத்தில் எழுதவும் முடியாது. எனக்கு இது பிடிப்பதில்லை.

அதைவிட, ஒவ்வொரு இலையையும் நீளவாக்கில் பாதியாக மடித்துத் தையுங்கள். ஒடுங்கிய நீள நோட்டு வரும். மளிகைப் பட்டியலுக்கு அதைவிடப் பொருத்தமான உருவம் கிடையாது. குறுக்கே மடித்துவிடாதீர்கள். குறுக்கே மடித்தால் கோடுகள் எல்லாம் முதுகுக்கு இணையாக நின்றுவிடும், எழுத முடியாது. நாரும் பெரும்பாலும் பழைய முதுகுக்கு இணையாகத்தான் இருக்கும், அதனால் நீள மடிப்புதான் பணியும்.

கணக்கு டீச்சர்

அட்டைக்கு நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சொல்வேன். எல்லார் வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும், நல்ல கனமான தாள்.

தேனிக்காரன்

டீச்சர், அதில் பிள்ளையார் படம் இருக்குமே? எங்கள் வீட்டில் அதைக் கத்தரிக்க விடமாட்டார்கள். மஞ்சள் தடவிக் கொடுத்த பத்திரிகையை வெட்டுவது அம்மாவுக்கு ஆகாது.

கணக்கு டீச்சர்

அந்த உணர்வை நானும் மதிக்கிறேன். படம் இருக்கும் பக்கத்தை எடுப்பதில்லை, உள்ளே செருகியிருக்கும் வெற்று அட்டையும் உறையும் போதும். அதுவும் வேண்டாம் என்றால் மாதக் காலண்டர் தாளை வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி இரண்டாக மடித்துப் போடலாம்.

பழைய பைண்டர்

எந்த அட்டையானாலும் நார் பார்த்துக்கொள், தாளைவிட அட்டையில்தான் குறுக்கு மடிப்பு அசிங்கமாக வெடிக்கும். மடிப்பதற்கு முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்திவிடு. பளபளப்புப் பூச்சு உள்ள அட்டையில் இதைத் தவிர்க்கவே கூடாது.

பசையைப் பற்றியும் முதலில் கேட்டிருந்தாய். ஒரே கட்டு நோட்டுக்குப் பசை தேவையே இல்லை, அட்டையையும் சேர்த்துத் தைத்துவிடலாம். கெட்டி அட்டை போட்டுக் காலிகோ துணி ஒட்டுவதாக இருந்தால்தான் பசை. பட்டறையில் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம் போடுவோம். அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். துத்தம் போடாத மைதாவோ இராமபாணப் பூச்சிக்கு விருந்து. வீட்டுக்கு ஃபெவிகால் போதும், கொஞ்சமாகத் தொட்டு மெலிதாகத் தடவு.

மைப்பேனா

இங்க் பேனாக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. நகல் தாளில் சில வகையில் மை கசியாது, சில வகையில் நார் வழியே பிசிறாகப் பரவும். கட்டு வாங்குமுன் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள். பரிசாகக் கொடுக்கும் நோட்டுக்கு நான் கைத்தாள் எடுக்கிறேன். பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை 1959இலிருந்து இருக்கிறது. சட்டகத்தில் கூழை அள்ளிக் கையால் எடுக்கும் தாளில் நார் நாலாபக்கமும் பின்னிக் கிடக்கும், எந்தப் பக்கம் மடித்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கனம் அதிகம், எட்டுத் தாள் வைக்காதீர்கள், நான்கோ ஐந்தோ போதும்.

வெள்ளைத்தாள்

ஏ6 நோட்டு தைத்துவிட்டேன். மேசைமேல் வைத்தால் தட்டையாக மூடிக் கிடக்கிறது! மகளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று தைத்தாள், அவளுடையதில் முடிச்சு என்னுடையதைவிட இறுக்கம். பழைய நோட்டு இலைகளில் நீள நோட்டும் ஆயிற்று, அது சமையலறையில் ஆணியில் தொங்குகிறது. எல்லாருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. திறக்கும் பக்கத்தில் நடுத்தாள்கள் வெளியே நீட்டிக்கொண்டு சரிவாக நிற்கின்றன. எல்லாத் துண்டும் ஒரே அளவில்தான் வெட்டினேன்.

பழைய பைண்டர்

அது அப்படித்தான் வரும் அம்மா. வெளித்தாள் மற்ற ஏழு தாளையும் சுற்றிவர வேண்டும், உள்தாளுக்கு அந்தச் சுற்று இல்லை. எட்டுத் தாளில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீட்டும். தைத்து முடித்த பிறகுதான் ஓரம் வெட்ட வேண்டும், முன்னாலேயே வெட்டினால் பயனில்லை.

கத்தரி வேண்டாம், அது தாளைத் தள்ளும். நோட்டின் அடியில் ஒரு கெட்டி அட்டை வை. இரும்பு ஸ்கேலை ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே வைத்து நன்றாக அமுக்கு. கட்டர் பிளேடைப் புதிதாக ஒடித்துக்கொண்டு, லேசான கையோடு பல தடவை இழு. ஒரே இழுப்பில் எட்டையும் வெட்டப் பார்த்தால் பிளேடு சாயும், கீழ்த்தாள் கோணலாகும். கடைசி அட்டையும் அறுந்து பிளேடு அடியட்டையைத் தொடும்வரை ஸ்கேலைத் தூக்காதே. மகளுக்குத் தைக்கச் சொல்லிக்கொடு, இந்த வெட்டை மட்டும் நீயே செய்.